பழனி மலையிலும் கென்யாவிலும் ஒரே மூலிகை... மருந்தானால் பங்கு யாருக்கு?

மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் புதரோடு புதராக ஏறிக் கிடக்கும் ஒரு முள்கொடி. பேர் மிளகரணை. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். காயைக் கடித்தால் மிளகு மாதிரி காரம். பழுத்தால் குட்டி ஆரஞ்சுப் பழம் போல இருக்கும். பழனி மலையிலும் அதைச் சுற்றியுள்ள மலைகளிலும் வாழும் பளியர் பழங்குடி மக்கள் மருந்தாகப் பயன்படுத்தும் செடிகளில் இதுவும் ஒன்று.

இதே கொடி கடல் தாண்டி கென்யாவிலும் வளர்கிறது. அங்கே போகோட் என்ற பழங்குடி மக்கள் காய்ச்சலுக்கு இதைக் கொடுக்கிறார்கள். பளியரும் போகோட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. ஆனால், ரெண்டு பேரும் ஒரே செடியை மருந்து என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ரெண்டு இடத்திலும் விஞ்ஞானிகள் இதை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

நாளைக்கே இந்தச் செடியிலிருந்து ஒரு மருந்து வந்தால், அதில் கிடைக்கும் வருமானம் யாருக்குப் போகும்? மருந்து கம்பெனிக்கா, ஆய்வகத்துக்கா, செடியைக் காட்டிக் கொடுத்த மக்களுக்கா? ஆப்பிரிக்க மூலிகைகளுக்கு நடந்ததைப் பார்த்தால், இதற்கான விடை கொஞ்சம் புரியும். நம்ம பழனி மலைக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கென்யாவில் கண்டுபிடித்தது என்ன?

மிளகரணையின் அறிவியல் பெயர் டொடாலியா ஆசியாட்டிகா. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். இந்தியா, இலங்கை, சீனா, தென்கிழக்கு ஆசியா, கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் எனப் பல இடங்களில் வளர்கிறது. 17-ம் நூற்றாண்டிலேயே இதன் வேர் 'லோபஸ் வேர்' என்ற பெயரில் ஐரோப்பாவில் அறிமுகமாகியிருந்தது.

போகோட் மக்கள் காய்ச்சலுக்குப் பயன்படுத்தும் இந்தச் செடியில் உண்மையிலேயே சத்து இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வேரிலிருந்து 'நிடிடின்' என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சோதனைக் குழாயில் அது மலேரியா கிருமிகளை வலுவாகத் தடுத்தது. 1995-ல் இந்த முடிவுகள் வெளியாயின. நாட்டு வைத்தியம் சொன்னதும் ஆய்வகம் சொன்னதும் ஒத்துப்போன இடம் இது.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு

இங்கேயும் கிட்டத்தட்ட இதே பாதைதான். சென்னை லயோலா கல்லூரி ஆய்வாளர்கள் பளியர் மக்கள் பயன்படுத்தும் 18 மூலிகைகளை எடுத்துச் சோதித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தோல் நோய், மூச்சுக் கோளாறு போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும் செடிகள் இவை. 9 வகை பாக்டீரியாக்கள், ஒரு வகை பூஞ்சை ஆகியவற்றுக்கு எதிராக இவற்றின் சாறு சோதிக்கப்பட்டது. 18-ல் 10 செடிகள் ஏதாவது ஒரு கிருமியையாவது தடுத்தன. நன்றாக வேலை செய்தவற்றில் மிளகரணையும் உண்டு. நமக்குத் தெரிந்த ஆவாரை, மாதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பிறகு 2012-ல் மிளகரணையிலிருந்து கிருமிகளைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருளைத் தனியாகப் பிரித்தும் காட்டினார்கள்.

இந்தச் சோதனை எப்படி நடக்கும்? கண்ணாடித் தட்டில் கிருமிகளை வளர்ப்பார்கள். மூலிகைச் சாறு ஊறிய சின்னக் காகித வட்டை அதன் நடுவே வைப்பார்கள். மறுநாள் அந்த வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வளையம் தெரிந்தால், சாறுக்குச் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். வளையம் பெரிதாக இருந்தால் சக்தியும் கூடுதல்.

அப்போ மருந்து ரெடியா?

அதுதான் இல்லை. வாட்ஸ்அப்பில் 'இந்த இலை புற்றுநோயைக் கொல்லும், விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்க' என்று வரும் பல தகவல்கள் இந்த முதல் படியோடு நின்றுபோன ஆய்வுகளைப் பற்றியவைதான்.

கண்ணாடித் தட்டில் கிருமி சாவதற்கும், மனித உடலில் நோய் குணமாவதற்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. சாற்றில் இருக்கும் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களில் வேலை செய்வது எது என்று முதலில் பிரிக்க வேண்டும். அது நோயை மட்டும் தாக்குகிறதா, நல்ல செல்களையும் சேர்த்துக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். விலங்குகளில் சோதிக்க வேண்டும். பிறகு மனிதர்களில் மூன்று கட்டமாக, சில பேரில் தொடங்கி ஆயிரக்கணக்கானோர் வரை சோதிக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் ஆகலாம். நிடிடின் இன்றுவரை மலேரியா மருந்தாகக் கடைக்கு வரவில்லை. வழியிலேயே நின்றுபோன மூலக்கூறுகள்தான் உலகத்தில் அதிகம்.

ஆனால், எல்லாப் படியும் தாண்டிய ஒரு ஆப்பிரிக்கச் செடி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

வாசலில் பூக்கும் புற்றுநோய் மருந்து

நித்தியகல்யாணி. சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் ரோஸ் நிறத்திலும் வெள்ளையிலும் வருஷம் முழுக்கப் பூக்கும். இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் மடகாஸ்கர் தீவு. அழகுச் செடியாகக் கப்பலேறி உலகம் முழுக்கப் பரவியது.

1950-களில் கனடாவில் ராபர்ட் நோபல், சார்லஸ் பீர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதன் இலையை ஆராய்ந்தார்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையில் கஷாயம் போட்டுக் குடிக்கிறார்கள் என்ற தகவலோடு இலை அவர்களிடம் வந்து சேர்ந்தது. எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சடசடவெனக் குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அந்தப் பொறியிலிருந்து வந்ததுதான் 'வின்பிளாஸ்டின்' மருந்து. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் அதே செடியைத் தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தது. 1963-ல் 'வின்கிறிஸ்டின்' மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் கூட்டு மருந்து சிகிச்சையில் இன்றைக்கும் இது முக்கியமான மருந்து. இரண்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன.

மருத்துவத்துக்கு இது பெரிய வெற்றி. மடகாஸ்கருக்கு? ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அப்படிப் பங்கு கேட்க எந்தச் சட்டமும் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செடி மடகாஸ்கருடையது. ஆய்வைத் தூண்டிய தகவல் ஜமைக்காவிலிருந்து வந்தது. செடியோ அதற்குள் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருந்தது. பங்கு கொடுக்கணும்னு யாராவது நினைத்திருந்தால்கூட, யாருக்குக் கொடுப்பது? பழனி மலையிலும் கென்யாவிலும் வளரும் மிளகரணைக்கும் இதே கேள்வி அப்படியே பொருந்தும்.

தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் நித்தியகல்யாணி மருந்துப் பயிராகவே சாகுபடி செய்யப்படுகிறது. விவசாயிக்குக் கிடைப்பது காய்ந்த இலைக்கும் வேருக்குமான கிலோ விலை. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் அரை டன் காய்ந்த இலை தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. மதிப்பு எங்கே கூடுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு வாசலில் இருக்கும் இலையைப் பறித்துக் கஷாயம் போட வேண்டாம். வின்கிறிஸ்டின் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது, வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. மருத்துவமனையிலேயே அளவு பார்த்து, ஊசி வழியாக மட்டும்தான் இவற்றைக் கொடுப்பார்கள்.

பசியை அடக்கும் கள்ளி: சான் மக்களின் கதை

அடுத்த கதை தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் நடக்கிறது. அங்கே வாழும் சான் மக்கள் வேட்டைக்கு நாள் கணக்கில் நடக்கும்போது 'ஹூடியா' என்ற கள்ளி போன்ற செடியை வெட்டி மெல்லுவார்கள். பசி, தாகம் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் அரசு ஆராய்ச்சி அமைப்பு இதை ஆராய்ந்து, பசியை அடக்கும் பொருளுக்கு 1990-களின் நடுவில் காப்புரிமை கோரியது. பிறகு பிரிட்டனின் பைட்டோபார்ம் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. அவர்கள் அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனத்தைக் கூட்டுச் சேர்த்தார்கள். உடல் எடை குறைக்கும் மாத்திரை என்றால் சந்தை எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

இதில் சான் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2001-ல் பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 2003-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. ஆராய்ச்சி அமைப்புக்குக் கிடைக்கும் ராயல்டியில் 6 சதவீதமும், ஒவ்வொரு கட்டம் தாண்டும்போது அதற்குக் கிடைக்கும் தொகையில் 8 சதவீதமும் சான் மக்களுக்கு என்று முடிவானது. கவனிக்கவும்: மாத்திரை விற்பனையில் 6 சதவீதம் கிடையாது, ஆராய்ச்சி அமைப்பின் கைக்கு வரும் பங்கில் 6 சதவீதம்.

ஆனால் அந்த மாத்திரை வரவே இல்லை. 2003-ல் ஃபைசர் விலகியது. அடுத்து வந்த யூனிலீவர் நிறுவனமும் பாதுகாப்பு, பலன் ரெண்டிலும் திருப்தி இல்லை என்று 2008-ல் கைவிட்டது.

ஹூடியாவுக்குத் தமிழ்நாட்டில் ஒரு சொந்தக்காரச் செடி இருக்கிறது: கள்ளிமுளையான். வறண்ட பாறைக் காடுகளில் வளரும். ஆடு மேய்ப்பவர்களும் காட்டுக்குப் போகிறவர்களும் பசிக்குப் பறித்துத் தின்பார்கள், துவையலும் அரைப்பார்கள். இதன் சாறு இன்று எடை குறைக்கும் மாத்திரையாக வெளிநாடுகளில் விற்கப்படுகிறது. பெங்களூருவில் 50 பேரிடம் 60 நாள் நடந்த ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானது. பசி உணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. ஆனால் உடல் எடையில், மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரை டப்பாவில் இந்தக் கடைசி வரியை எதிர்பார்க்க முடியாது.

ஜெரேனியத்தின் பங்காளி: காப்புரிமை ரத்தான கதை

கொடைக்கானல், நீலகிரி பகுதிகளில் வாசனை எண்ணெய்க்காக ஜெரேனியம் பயிரிடப்படுவது பலருக்குத் தெரிந்திருக்கும். சோப்பு, சென்ட் தயாரிப்பில் பயன்படும் இந்தச் செடியும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். இதன் பங்காளிச் செடி ஒன்று, பெலர்கோனியம் சைடாய்ட்ஸ். அதன் வேரை அங்குள்ள மக்கள் நெஞ்சுச்சளிக்கும் இருமலுக்கும் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். ஜெர்மனியின் ஷ்வாபே நிறுவனம் அதில் இருமல் மருந்து தயாரித்து விற்றது, சாறு எடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமையும் வாங்கியது.

தென்னாப்பிரிக்காவின் ஆலிஸ் என்ற ஊரைச் சேர்ந்த கிராம மக்கள் தன்னார்வ அமைப்புகளின் உதவியோடு இதை எதிர்த்தார்கள். 2010 ஜனவரியில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. ஒரு சின்ன ஊர் நினைத்தால்கூட முடியும் என்பதற்கு உதாரணமாக இது சொல்லப்படுகிறது. அதே நேரம், காப்புரிமை ரத்தானால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று மட்டும்தான் ஆகும். அதனால் ஆலிஸ் மக்களின் கைக்குப் பணம் வந்துவிடாது.

நம்ம பக்கம் நடந்தது: காணி மக்களும் ஜீவனியும்

பங்கு கொடுத்த கதையும் உண்டு. அதுவும் நம் மலைத்தொடரிலேயே. 1987-ல் அகத்தியர் மலைப் பகுதியில் புஷ்பாங்கதன் தலைமையிலான விஞ்ஞானிகள் குழு காட்டுக்குள் போனது. வழிகாட்டியாக வந்த காணி பழங்குடியினர் ஏதோ ஒரு சின்னப் பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. பிறகு காட்டிக் கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியபச்சை.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், 2 சதவீதம் ராயல்டி. இதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்காக ஒரு அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பழங்குடிகளோடு பலனைப் பகிர்ந்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று என்று உலக அளவில் இது பேசப்பட்டது.

ஆனாலும் பிரச்னை வந்தது. செடியை அவர்களே வளர்த்து விற்கலாம் என்றபோது, காட்டுச் செடியை வெளியே கொண்டுபோவதற்கு வனத்துறை தடை சொன்னது. காணி குடியிருப்புகள் எல்லாவற்றிடமும் கேட்டீர்களா, சில பேரிடம் மட்டும் கேட்டீர்களா என்ற கேள்வியும் எழுந்தது. பணத்தைப் பிரிப்பதைவிட, முன்கூட்டியே யாரிடம் சம்மதம் கேட்பது என்பதுதான் கஷ்டமான வேலை என்று இந்த அனுபவம் காட்டியது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டம் 2002-ல் வந்தது. இதை நடைமுறைப்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. இச்சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனங்கள் இங்குள்ள செடியையோ அது பற்றிய மரபு அறிவையோ எடுக்க ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். இந்திய நிறுவனங்கள் மாநில பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் மக்களுக்கும் நாட்டு வைத்தியர்களுக்கும் விலக்கு உண்டு.

இந்திய நிறுவனங்களும் பங்கு கொடுக்கணுமா என்று கேட்டு திவ்யா பார்மசி தொடர்ந்த வழக்கில், 'கொடுக்கத்தான் வேண்டும்' என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன் பிறகு 2023-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 ஏப்ரல் 1 முதல் திருத்தம் அமலில் இருக்கிறது. மூன்று முக்கியமான மாற்றங்கள்:

* சித்தா, ஆயுர்வேதம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நூல்களில் எழுதப்பட்ட மரபு அறிவைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்குப் பங்கு கொடுப்பதிலிருந்து விலக்கு.
* சாகுபடி செய்யப்படும் மருத்துவச் செடிகளுக்கும் விலக்கு.
* விதிமீறலுக்குச் சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, அபராதம் மட்டும்.

பங்கு எவ்வளவு என்பதையும் 2025-ல் வந்த புதிய விதிமுறைகள் சொல்கின்றன. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய் வரை இருந்தால் ஒன்றும் கட்ட வேண்டாம். 5 முதல் 50 கோடி வரை 0.2 சதவீதம், 50 முதல் 250 கோடி வரை 0.4 சதவீதம், அதற்கு மேல் 0.6 சதவீதம்.

எழுதி வைத்த அறிவு, எழுதாத அறிவு

பழனி மலைக்கு விஷயம் சூடுபிடிப்பது இங்கேதான். மஞ்சளுக்கு அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமை 1997-ல் ரத்தானதும், வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமை 2000-ல் ரத்தானதும் நமக்குத் தெரியும். 'இது எங்களுக்கு முன்பே தெரியும்' என்று ஆதாரம் காட்ட முடிந்ததால் கிடைத்த வெற்றி அது. அதற்குப் பிறகுதான் ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகளை மொழிபெயர்த்து, காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி ஒரு டிஜிட்டல் நூலகத்தை இந்தியா உருவாக்கியது.

பளியர் மக்களின் வைத்திய அறிவு எந்த ஓலைச்சுவடியிலும் இல்லை. பாட்டி பேத்திக்குச் சொன்னது, தேன் எடுக்கப் போகும்போது அப்பா மகனுக்குக் காட்டியது. நூலில் இல்லாததால் அந்த டிஜிட்டல் நூலகத்தின் காவல் அதற்குக் கிடையாது. ஆனால் அதே காரணத்தால், 2023 திருத்தம் கொடுத்த விலக்கும் அதற்குப் பொருந்தாது. அதாவது, வாய்மொழி அறிவை எடுத்துத் தொழில் செய்கிறவர்கள் பங்கு கொடுக்க வேண்டும் என்ற விதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மிளகரணை சித்த மருத்துவத்திலும் பயன்படும் செடி. பளியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு நிறுவனம், 'நாங்கள் சித்த நூலைப் பார்த்துத்தான் செய்தோம்' என்று சொன்னால்? அப்படி இல்லை என்று நிரூபிக்க பளியரிடம் எழுத்தில் என்ன இருக்கிறது?

சட்டத்தில் இதற்கும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்களிடம் கேட்டு, ஊரில் என்ன செடி, என்ன அறிவு இருக்கிறது என்று மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். எல்லா ரகசியத்தையும் திறந்த புத்தகமாக எழுதி வைத்தால், அதைப் படித்தே இன்னொருவர் தொழில் தொடங்கிவிடலாம். எதை எழுதுவது, எதை யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் சொன்னவர்கள் கையில் இருக்க வேண்டும்.

2006 வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காட்டின் பல்லுயிர்களை அணுகும் உரிமையும், மரபு அறிவின் மீது சமூகமாகச் சேர்ந்து கொண்டாடும் அறிவுசார் சொத்துரிமையும் காட்டில் வாழும் மக்களுக்கு உண்டு என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. பழனி மலையின் ஒரு பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக இருக்கிறது. சரணாலயத்துக்குள்ளும் இந்த உரிமை செல்லும் என்பது முக்கியம். காட்டுக்குள் போக முடியாவிட்டால், செடியை அடையாளம் காட்டும் அறிவு ஒரு தலைமுறையிலேயே மறந்துவிடும்.

மருந்து கிடைத்தால் காட்டுக்கு என்ன ஆகும்?

இன்னொரு கவலையும் இருக்கிறது. 1972-ல் வேதியியல் அறிஞர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்ஸ் மரத்தில் 'கேம்ப்டோதெசின்' என்ற பொருள் இருப்பதைக் கண்டறிந்தார். அதை அடிப்படையாகக் கொண்ட புற்றுநோய் மருந்துகள் பிறகு சந்தைக்கு வந்தன. உலகம் முழுக்க மூலப்பொருளுக்குத் தேவை ஏறியது. மலையில் அந்த மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை. புரோஸ்டேட் வீக்கத்துக்கு மருந்தாகும் 'புரூனஸ் ஆஃப்ரிக்கானா' மரத்தின் பட்டையை உரித்து உரித்தே பல இடங்களில் மரம் அழிந்தது. 1995-ல் அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ஒரு செடிக்கு மருத்துவ குணம் இருக்கிறது என்று நிரூபிப்பது, காட்டில் அதன் தலைக்கு விலை வைப்பது போலவும் ஆகிவிடலாம்.

செடியே வேண்டாம் என்றால்?

இப்போது கதை இன்னும் மாறுகிறது. 2022-ல் விஞ்ஞானிகள் நித்தியகல்யாணியின் மரபணுக்களை ஈஸ்டுக்குள் வைத்து, வின்பிளாஸ்டின் தயாரிக்கத் தேவையான மூலப்பொருள்களை அதிலேயே உருவாக்கிக் காட்டினார்கள். இட்லி மாவு புளிப்பது மாதிரி, தொட்டியில் மருந்து புளிக்கும். அரை டன் இலை தேவையில்லை. காட்டுக்கு இது நல்லது. ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும் மரபணுத் தகவல் போதும் என்றால், செடியைத் தொடாமலேயே மருந்து வந்துவிடும். அப்போது யாரிடம் அனுமதி கேட்பது?

இதற்காகத்தான் 2025 பிப்ரவரியில் ஐ.நா. பல்லுயிர் உடன்படிக்கையின் கீழ் 'காலி நிதியம்' தொடங்கப்பட்டது. டிஜிட்டல் மரபணுத் தகவலில் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதம் அல்லது வருவாயில் 0.1 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதில் பாதியாவது பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும். ஆனால் கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டால் கொடுக்கலாம். முன்னதாக 2024 மே மாதம், காப்புரிமை கேட்கிறவர்கள் செடி எந்த நாட்டிலிருந்து வந்தது, யாருடைய மரபு அறிவு என்று சொல்லியாக வேண்டும் என்ற உலக ஒப்பந்தமும் ஜெனிவாவில் ஏற்கப்பட்டது. 15 நாடுகள் இணைந்த பிறகே அது நடைமுறைக்கு வரும்.

பழனி மலை கவனிக்க வேண்டியது என்ன?

ஆப்பிரிக்கக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. மக்கள் பங்கு வாங்கியது, அவர்களிடம் சட்டம் இருந்ததால் மட்டும் கிடையாது. யாரோ நேரத்துக்கு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள், மக்களும் ஒன்றாக நின்றார்கள். சான் மக்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது, ஆலிஸ் மக்கள் காப்புரிமையை எதிர்த்தார்கள், மடகாஸ்கருக்குக் கேட்கவே வழி இல்லை.

பழனி மலைத் தாவரங்களைப் பற்றி நல்ல அறிவியல் பதிவுகள் இருக்கின்றன. செண்பகனூரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. தாவரவியல் அறிஞர் கே.எம்.மேத்யூவின் 'பழனி மலைத் தாவரங்கள்' பற்றிய பெரிய ஆய்வுத் தொகுதி 1999-ல் வந்தது. செடிக்குப் பெயரும் முகவரியும் எழுதியாகிவிட்டது. அந்தச் செடி எதற்கு ஆகும் என்று சொன்னவர்களின் பெயரும் சம்மதமும் அதே கவனத்தோடு எழுதப்பட வேண்டும்.

கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகள்கூட இதில் முக்கியம். 'இந்த ஊரில் இந்த இலை, இந்த நோய்க்கு' என்று அட்டவணை போட்டு இணையத்தில் வெளியிட்ட பிறகு, அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆய்வுக்கு முன்பே கிராம சபையில் பேசி, எதை வெளியிடலாம் என்று எழுத்தில் சம்மதம் வாங்குவதற்குப் பெரிய செலவு ஆகாது. நாளைக்கு ஒரு நிறுவனம் வந்து நின்றால், பளியர் மக்கள் கையில் காட்டுவதற்கு இருக்கப்போகும் ஒரே காகிதமும் அதுவாகத்தான் இருக்கும்.